கொல்லையிலே ஒரு சமாதி!

வீடு நல்ல வீடு. கிழக்குப் பார்த்த வாசல். முற்றம் உண்டு, கிணறு உண்டு, கொல்லையிலே நாலு தென்னையும் உண்டு. விலையும் கட்டுப்படியாகிறது. வாங்க வந்தவர் அச்சாரம் கொடுக்க மடியைத் தடவுகிறார். அந்த நேரம் பார்த்து, கொல்லைக் கோடியிலே, செம்பருத்திச் செடிக்குப் பின்னால், செங்கல் மேடை ஒன்று கண்ணில் படுகிறது. மேடையிலே சிறு மாடம். மாடத்திலே எண்ணெய்ப் பிசுக்கு. "இது என்னங்க?" என்று கேட்டால், விற்கிறவர் தொண்டையைக் கனைத்துக் கொள்கிறார். "அது ஒண்ணுமில்லீங்க, எங்க பாட்டனார் சமாதி" என்கிறார். அவ்வளவுதான். மடிக்குப் போன கை வெறுங்கையாகத் திரும்புகிறது!

நன்னிலம் பகுதியிலே வீடு பார்க்கப் புறப்படுகிற எவருக்கும் இந்தச் சங்கடம் வரக்கூடும். நன்னிலம் என்ன, காவிரி பாய்கிற சீமை முழுவதற்கும் பொதுவான சங்கடம் இது. நிலம் வைத்திருந்த பழைய குடும்பங்கள் பல, தம் முன்னோரைத் தம் தோப்பிலும் திடலிலும் கொல்லையிலும் அடக்கம் செய்து, மேலே மேடை கட்டி, ஆண்டுக்கொரு முறை விளக்கேற்றி வந்தன. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். வீடு விலைக்கு வருகிறது. வீட்டோடு சமாதியும் விலைக்கு வருகிறது!

வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் அந்தச் சமாதியை என்ன செய்வது? பலர் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற கேள்வி இது. சோதிடரிடம் கேட்கிறார்கள், தரகரிடம் கேட்கிறார்கள். நாம் இதைப் பொதுமக்கள் மன்றத்திலேயே வைத்துப் பேச விரும்புகிறோம். ஏனெனில், இது ஒரு வீட்டுக் கொல்லையோடு முடிகிற விஷயமல்ல. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் நிலத்தின் வரலாறும், சாதியின் வரலாறும், சட்டத்தின் ஓட்டைகளும் அந்த மேடைக்கு அடியிலிருந்து வெளியே வருகின்றன.

முதலில் அச்சத்தைப் பார்ப்போம்.

"பிணம் கிடக்கிற மனையிலே குடியிருந்தால் குடும்பம் விளங்குமா?" என்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: பிணம் கிடக்காத மண் எங்கே இருக்கிறது? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உழுது, விதைத்து, பிறந்து, இறந்து வந்த நாடு இது. எந்த வரப்பின் அடியிலே எவர் எலும்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேடை கட்டியிருப்பதால் ஒன்று தெரிகிறது. மேடை கட்டாததால் ஆயிரம் தெரியவில்லை. தெரியாத ஆயிரத்தின் மேல் நிம்மதியாகத் தூங்குகிறவர், தெரிந்த ஒன்றைக் கண்டு நடுங்குவது என்ன கணக்கு?

அதிலும் நன்னிலத்துக்காரர் நடுங்கலாமா? இதே நன்னிலம் வட்டத்திலே ஸ்ரீவாஞ்சியம் இருக்கிறது. அங்கே எமனுக்கே தனிச் சன்னிதி! எமனைத் தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறவர், எமன் எப்போதோ கொண்டுபோன ஒரு கிழவரின் மேடையைக் கண்டு ஓடுகிறார். பூந்தோட்டத்துக்குப் பக்கத்திலே செதலபதி இருக்கிறது. திலதர்ப்பணபுரி என்று அதற்குப் பெயர். இராமன் தன் தந்தைக்குப் பிண்டம் வைத்த இடம் என்பது தலபுராணம். எள்ளும் தண்ணீரும் இறைக்க ஊர் ஊராக மக்கள் அங்கே வருகிறார்கள். தன் பாட்டனாருக்கு எள் இறைக்க நூறு மைல் பயணம் செய்கிறவர், இன்னொருவர் பாட்டனார் தன் கொல்லையிலே படுத்திருந்தால் பேய் என்கிறார்! தன் பாட்டன் தெய்வம், அடுத்தவன் பாட்டன் பேய் என்றால், இதிலே பக்தியும் இல்லை, பகுத்தறிவும் இல்லை.

நம் முன்னோருக்கு இந்த நடுக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. இறந்த அரசருக்கும் அரசியருக்கும் பள்ளிப்படை எழுப்பியவர்கள் சோழர்கள். தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்கு இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் பட்டீசுவரத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேதான் உடையாளூர். இராசராசன் அடக்கமான இடம் அது என்று நெடுநாளாக ஒரு பேச்சு. அங்கே தனியார் நிலத்திலே ஒரு சிவலிங்கம் சாய்ந்து கிடக்க, அதையே மாமன்னன் சமாதி என்று காட்டி வந்தனர். விவகாரம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. தொல்லியல் துறை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று 2019 இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது இராசராசன் சமாதிதானா என்பதை ஆராய்ச்சியாளர்கள் பேசட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. தஞ்சையிலே வானளாவக் கோயில் எடுத்தவனின் சமாதி என்று ஓர் ஊரே நம்புகிற இடம், ஒரு தனி ஆளின் பட்டா நிலத்துக்குள் இருந்திருக்கிறது! மன்னன் பெயர் சொல்லும் இடத்துக்கே இந்த நிலை என்றால், மிராசுதார் வீட்டுப் பாட்டனார் எந்த மூலை?

ஆகவே, அச்சம் வேண்டாம் என்கிறோம். ஆனால், அச்சம் வேண்டாம் என்றவுடனே, "சபாஷ்! அப்படியானால் இடித்துத் தள்ளிவிடலாம்" என்று கிளம்புகிற கூட்டமும் உண்டு. இரவோடு இரவாக ஜே.சி.பி. எந்திரத்தைக் கொண்டுவந்து மேடையை நிரவி, மண்ணைப் போட்டு மூடி, காலையிலே "கிளியர் மனை" என்று விற்பது சில தரகர்களுக்குக் கைவந்த கலை. பேய்க்குப் பயப்படுகிறவர் அறியாதவர். இவரோ எதற்கும் பயப்படாதவர். மனிதருக்கும் பயப்படாதவர், சட்டத்துக்கும் பயப்படாதவர். முன்னவரைத் திருத்தலாம், பின்னவரைத் தடுக்கத்தான் வேண்டும்.

பகுத்தறிவு என்பது இறந்தவரை மதிக்காதே என்று சொல்வதல்ல. பிணத்துக்கு வலி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிணத்துக்கு மகள் உண்டு, பேரன் உண்டு, அவர்களுக்கு வலி தெரியும். கல்லறைக்குள் அத்துமீறி நுழைந்து உறவினர் மனத்தைப் புண்படுத்துவதும், பிணத்துக்கு அவமதிப்புச் செய்வதும் குற்றம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297 ஆம் பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 301 ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஓராண்டு வரை சிறை உண்டு. "என் பட்டா, என் மண்" என்று மார்தட்டுகிறவர்கள் இதை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

சரி, சட்டம் வேறு என்ன சொல்கிறது?

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55 ஆவது பிரிவிலே ஒரு கடமையை விற்கிறவர் தலையில் வைத்திருக்கிறது. வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை, விற்கிறவருக்குத் தெரிந்தது, சொத்திலோ உரிமையிலோ இருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். மேடை கண்ணுக்குத் தெரிந்தால் வாங்குகிறவர் கேட்டுக் கொள்ளலாம். மேடையை நிரவிவிட்டு விற்றால்? அல்லது மேடையே இல்லாமல், "அந்த மாமரத்தடியிலேதான் அத்தையைப் புதைத்தோம்" என்று குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த இடமாக இருந்தால்? அங்கேதான் வாய் திறக்க வேண்டும். அங்கேதான் பலருக்கு வாய் அடைத்துப் போகிறது!

வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்பார் சிலர். வில்லங்கச் சான்றிலே பதிவான பத்திரங்கள்தாம் வரும். அடமானம் வரும், கிரயம் வரும், பாகப்பிரிவினை வரும். பாட்டனார் வரமாட்டார்! பட்டாவிலே பரப்பளவும் சர்வே எண்ணும் இருக்கும். சமாதி இருக்காது. ஆக, சொத்தைப் பற்றிய காகிதம் எல்லாம் சரியாக இருக்கும். சொத்திலே இருப்பது மட்டும் காகிதத்திலே இருக்காது.

புதிதாக இப்படி அடக்கம் செய்யலாமா என்று கேட்டால், இன்று முடியாது. ஊராட்சிப் பகுதிகளுக்காக 1999 இல் வகுத்த இடுகாடு, சுடுகாடு விதிகள், குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள், பதிவோ உரிமமோ பெற்ற மயானம் தவிர வேறிடத்தில் அடக்கம் செய்வதைத் தடுக்கின்றன. 90 மீட்டருக்கு அப்பால் சொந்த நிலத்தில் செய்யலாமே என்று ஒரு வாதம் நெடுநாள் நடந்தது. 2023 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு அதற்கு முடிவு கட்டியது: பதிவோ உரிமமோ பெற்ற இடத்தில்தான் அடக்கம், சொந்த நிலம் என்பதற்காக நினைத்த இடத்தில் முடியாது. மறு ஆண்டு, 2024 ஜூலையில், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலையுண்டபோது, பெரம்பூரிலே கட்சி அலுவலக இடத்தில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் கூடி விசாரித்த உயர்நீதிமன்றம், நெருக்கமான குடியிருப்புப் பகுதி என்று அதை ஏற்கவில்லை. திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரிலே தனியார் நிலத்தில், அனுமதி பெற்று, அடக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட தலைவருக்கே அனுமதி வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைப்போம்.

சமாதிக்கென்று சொத்தை எழுதி வைத்து என்றென்றும் பூசை நடத்தலாமா என்ற கேள்வியும் நீதிமன்றம் ஏறியது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கிலே, இறந்தவர் சமாதியில் பூசை நடத்துவதற்கென்று சொத்தை நிரந்தரமாக எழுதி வைப்பதை இந்து சட்டப்படியான அறக்கட்டளையாக ஏற்க முடியாது என்று 1953 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் இதிலே ஒரு பொது நியாயத்தைக் காண்கிறோம். இறந்தவருக்கு மரியாதை உண்டு. ஆனால் இறந்தவர் உயிரோடு இருப்பவர்களின் நிலத்தை என்றென்றும் கட்டிப் போட முடியாது. மரியாதையும் வேண்டும், அளவும் வேண்டும்!

இனி, எல்லோரும் தவிர்க்கிற பேச்சுக்கு வருவோம். கொல்லையிலே சமாதி யாருக்கு இருந்தது? கொல்லை இருந்தவருக்கு இருந்தது! கொல்லை இல்லாதவன் எங்கே போனான்?

தஞ்சைத் தரணியிலே பண்ணையாட்களாக உழைத்தவர்களுக்குக் குடிசை போட்டிருந்த மண்ணே சொந்தமில்லை. மிராசுதாரின் மனைக்கட்டிலே குடியிருப்பு. மிராசுதாரின் மனம் கோணினால் வெளியேற்றம். குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971 இல்தான் வந்தது. உயிரோடு இருக்கும்போதே கால் நீட்ட இடமில்லாதவன், செத்த பிறகு மேடை கட்டிக் கொள்வானா? ஆற்றங்கரைப் புறம்போக்கிலே அவனுக்கு ஒரு குழி. அந்தக் குழிக்குப் போகவும் பாதை இல்லை. சேற்று வயலிலே இறங்கி, வரப்பிலே தடுமாறி, நாற்றை மிதித்ததற்கு ஏச்சும் கேட்டுக்கொண்டு பாடை போக வேண்டும்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று சொல்லாதீர்கள். நன்னிலத்துக்கு வடக்கே, மயிலாடுதுறைப் பக்கம், திருநாள்கொண்டச்சேரியிலே 2016 சனவரியில் நடந்தது என்ன? தாழ்த்தப்பட்ட சமூகத்து முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப் பாதையிலே கொண்டு போகலாம் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு வந்த பிறகும் பாதை திறக்கவில்லை. கடைசியில் காவல்துறையினரே உடலைத் தூக்கிச் சென்று அடக்கம் செய்தனர்! 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்திலே, தனியார் நிலத்து வழி அடைபட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். நாடே பார்த்தது.

ஒரு பக்கம், செத்தும் பத்துக் குழி நிலத்தை விடாத பாட்டனார். மறு பக்கம், செத்தும் ஆறடிக்கு வழி கிடைக்காத பாட்டாளி. வீடு வாங்க வந்தவரை மிரட்டுகிற சமாதி, உண்மையிலே சொல்கிற கதை இதுதான். பேய்க் கதை அல்ல, நிலத்தின் கதை!

அதனால் அந்த மேடையை இடி என்கிறோமா? இல்லை. பாட்டனார் செய்த பிழை என்று அவர் எலும்பின் மேல் வழக்குப் போடுகிறவர்கள் அல்ல நாம். எல்லோருக்கும் மரியாதை வேண்டும் என்று கேட்கிறவர்கள், இருக்கிற மரியாதையைப் பறிக்க மாட்டார்கள். இல்லாதவருக்கும் கொடு என்றுதான் கேட்பார்கள்.

வீடு வாங்குகிற நண்பருக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். காகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். நிலத்தை நடந்து பாருங்கள். நாலு எல்லையிலும் கால் பட நடங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் அந்த மண்ணிலே வேலை செய்த ஆளிடமும் பேச்சுக் கொடுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். பழைய பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நன்னிலம் வட்டம் தஞ்சை மாவட்டத்தில் இருந்து, 1991 இல் நாகை மாவட்டத்துக்கும், 1997 இல் திருவாரூர் மாவட்டத்துக்கும் போனது. "தஞ்சாவூர் ஜில்லா" என்று தொடங்குகிற மூலப் பத்திரத்திலே, "சமாதி நீங்கலாக" என்று இரண்டே சொற்கள் எங்காவது ஒளிந்திருக்கும்.

சமாதி இருக்கிறது என்று தெரிந்தால், வாங்குங்கள். ஆனால் எழுதி வாங்குங்கள். இன்ன மூலையில், இத்தனை அடிக்கு இத்தனை அடி, சமாதி உண்டு; விற்பவர் குடும்பத்தார் இன்ன நாளில் வந்து விளக்கேற்றிப் போக வழி உண்டு; கூரை போடவோ, விரிவாக்கவோ, இன்னொருவரை அங்கே அடக்கம் செய்யவோ உரிமை இல்லை என்று கிரயப் பத்திரத்திலேயே வரையறுத்துவிடுங்கள். அந்த மூலைக்கு ஒரு தனி வழி விட்டால், அவர்கள் உங்கள் அடுக்களையைத் தாண்ட வேண்டாம். நீங்கள் அவர்கள் கண்ணீரைப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவிலே வர்ஜீனியா மாநிலத்தில், தனியார் நிலத்துக்குள் கல்லறை இருந்தால் வழித்தோன்றல்கள் நியாயமான நேரத்தில் வந்து பார்த்துப் போக நிலக்காரர் இடம் தர வேண்டும் என்று சட்டமே செய்து வைத்திருக்கிறார்கள். பண்ணை நிலம் கைமாறிக் கைமாறிப் போன நாடு அது; பட்டுத் தெரிந்து கொண்டார்கள். நாம் படாமலே தெரிந்து கொள்ளலாமே!

"அப்படி எழுதினால் விலை இறங்கிவிடும்" என்பார் விற்கிறவர். இறங்கட்டுமே! இல்லாத இரண்டு குழியை இருப்பதாகச் சொல்லி விற்பது வியாபாரமா, வஞ்சகமா? "எழுதிக் கொடுத்தால் பிறகு நான் விற்க முடியாதே" என்பார் வாங்குகிறவர். எழுதாவிட்டால்தான் விற்க முடியாது. எழுதியதற்கு அளவு உண்டு. எழுதாததற்கு அளவே இல்லை. இன்று மேடை, நாளை மண்டபம், மறுநாள் உண்டியல், அதற்கடுத்த நாள் திருவிழா! வாய்ப்பேச்சிலே விட்ட உரிமை வளர்ந்து கொண்டே போகும். வரப்பு போட்டால்தான் வயல் வயலாக இருக்கும்.

அரசாங்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. கிரயப் பத்திரம் பதிவு செய்யும்போது, மரம் எத்தனை, கிணறு உண்டா என்று விவரம் எழுதுகிறோம். "அடக்கம் செய்த இடம் உண்டா?" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? சொல்லாமல் விற்றவர் பிறகு, "எனக்குத் தெரியாது" என்று கை விரிக்க முடியாது. நில அளவைத் துறையின் புலப்படத்திலே கிணற்றையும் வாய்க்காலையும் குறிக்கிறவர்கள், பழைய சமாதியையும் ஒரு புள்ளியாகக் குறித்தால் என்ன குறைந்துவிடும்? காசு பணம் செலவாகிற காரியம் அல்ல இது. கவனம் செலவாகிற காரியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மயானம். மக்கள் கொல்லையிலே புதைத்ததற்குக் குடும்பப் பெருமை ஒரு காரணம் என்றால், பொது மயானம் மனிதர் போகத் தக்க இடமாக இல்லாதது இன்னொரு காரணம். முள் மண்டிய மேடு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். விளக்கில்லை, கூரையில்லை, கை கழுவக் குழாயில்லை. அங்கே அம்மாவைக் கொண்டுபோய்ப் போட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? சட்டம் போட்டுக் கொல்லையை மூடிவிட்டோம், நல்லது. அப்படியானால் மயானத்தைத் திறந்து வைக்க வேண்டாமா? பாதை போட வேண்டாமா? அந்தப் பாதை யார் வயலை அறுத்துக்கொண்டு போனாலும் போடத்தான் வேண்டும்.

சாதிக்கொரு சுடுகாடு இல்லாமல் பொது மயானம் வைத்திருக்கிற சிற்றூர்களுக்கு ஊக்கத்தொகை 10 இலட்சம் ரூபாய் என்று 2021 இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் பரிசு கொடுத்துத்தான் பிணங்களைச் சமமாக நடத்த வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், பெருமைப்படுவதா, தலைகுனிவதா என்று தெரியவில்லை. நன்னிலம் வட்டத்து ஊராட்சிகள் அந்தப் பரிசுக்காக இல்லாவிட்டாலும், தங்கள் பெயருக்காகவாவது முன் வரட்டும். நல்ல நிலம் என்று பெயர் வைத்துக்கொண்டு, செத்தவருக்கு நல்ல நிலம் இல்லை என்றால் பெயருக்கே இழுக்கு!

பழைய சமாதிகள் இருக்கட்டும். அவற்றைக் கண்டு ஓட வேண்டாம். அவற்றை மறைத்து விற்க வேண்டாம். இரவிலே நிரவவும் வேண்டாம். அளந்து, எழுதி, மரியாதையோடு விட்டுவைப்போம். புதிய சமாதி எவர் கொல்லையிலும் எழ வேண்டிய தேவையே இல்லாதபடி, ஊருக்கு ஒரே மயானம், எல்லோருக்கும் ஒரே பாதை என்று செய்து காட்டுவோம். கொல்லை இருந்தவனும் கொல்லை இல்லாதவனும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற மண் ஒன்று ஊர்தோறும் வேண்டும். அதைக் கேட்பது இறந்தவர்களுக்காக அல்ல. இன்னும் ஒரே தெருவிலே நடக்கக் கற்றுக்கொள்ளாத உயிரோடு இருப்பவர்களுக்காக!